வயிற்றுக்குள் கதிர் பொறுக்குகிறவர்கள்

(படூரில் நடைபெற்ற தாய்மார் ஆரோக்கியக் கூட்டத்தில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வயிற்றைப் பற்றிப் பேச டாக்டரை அழைக்காமல் போதகரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நமது குழந்தைகள் பிரிவு டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "ஐயா, நாங்கள் சொன்னால் மருந்துச் சீட்டைப் போல மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் சொன்னால் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வார்கள்" என்றார்கள். ஆகவே வந்திருக்கிறேன். நம் குடலுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். நான் எழுதி வைத்ததை டாக்டரம்மா வாசித்து, தவறு இருந்த இடங்களைத் திருத்தியும் கொடுத்தார்கள்.

படூர் எனக்குப் புதிய ஊரல்ல. என் தகப்பனார் பக்கத்தில் கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். சிறு வயதில் அவருக்குத் தூக்குச்சட்டியில் பழையது கொண்டுபோன பாதை இந்தப் பக்கம்தான். அன்றைக்கு இந்தச் சாலையில் மணிக்கு ஒரு பஸ் வந்தாலே அதிசயம். இன்று சாலையைக் கடக்கவே ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

1968ஆம் ஆண்டு கோடையில் என் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அவனுக்கு ஒன்றரை வயது. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் என் தாயாரிடம் ஒரே காரியத்தைச் சொன்னார்கள்: "வாயைக் கட்டு. தண்ணி குடுத்தா இன்னும்தான் போவும்." என் தாயார் கீழ்ப்படிந்தார்கள். தம்பி தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கையை நீட்டினான். என் தாயார் அதை எடுத்து உறிமேல் வைத்தார்கள். மூன்றாம் நாள் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அவன் இல்லை.

இதை இரக்கம் தேடிச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நமது குழந்தைகள் பிரிவில் ஒரு பாட்டியம்மா என்னிடம் கேட்ட கேள்விக்காகச் சொல்லுகிறேன். பேத்தி கண் குழிந்து படுத்திருந்தாள். நர்ஸ் கையில் உப்புச் சர்க்கரைக் கரைசல். பாட்டியம்மா என்னைத் தனியே அழைத்து, "ஐயா, தண்ணி குடுத்தா இன்னும்தானே போவுது? இவங்க ஏன் குடுத்துக்கினே இருக்காங்க?" என்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அதே கேள்வி. அது முட்டாள்தனமான கேள்வியும் அல்ல. அதற்கு உண்மையான பதில் இருக்கிறது. அதில் ஒரு பாதி டாக்காவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தது. மறு பாதி நமது வேலூரிலிருந்து வந்தது.

முதல் பாதியை உப்பளத்துக்காரர்களுக்குச் சொல்வது எளிது. மழை மாதத்தில் கீற்று போட்டு மூடிய உப்பு அம்பாரமும் கசிகிறது அல்லவா? உப்பு இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் போகும். நமது சிறுகுடலிலும் அதே ஒழுங்குதான். உப்பும் சர்க்கரையும் ஜோடியாக ஒரே வாசல் வழியே குடலின் சுவருக்குள் நுழைகின்றன. அவை போன வழியே தண்ணீரும் பின்தொடர்கிறது. காலராவிலேகூட இந்த வாசல் அடைபடுவதில்லை. வெறும் தண்ணீர் உள்ளே போகத் தடுமாறும். உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த தண்ணீர் போய்ச் சேரும்.

டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் டாக்காவில் காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்து எழுதியது எந்த ஆண்டு தெரியுமா? 1968. என் தம்பி போன அதே ஆண்டு. 1971இல் வங்காளதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தபோது, எல்லைப்புறத்துப் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர் உப்பையும் குளுக்கோஸையும் பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மரித்துக்கொண்டிருந்த இடத்தில், கரைசல் குடித்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே மரித்தார்கள். இன்று நாம் பொட்டலத்தில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். இதுதான்.

ஆனால் பாட்டியம்மாவின் கேள்வி இன்னும் நிற்கிறது. கரைசல் உயிரைக் காப்பாற்றும். உடனே பேதியை நிறுத்தாது. போகிற தண்ணீருக்கு ஈடு கட்டுவதுதான் அதன் வேலை. "கொடுத்தும் போகிறதே" என்று பார்க்கிற தாய்க்கு நம்பிக்கை குறைகிறது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறாள். இதை எப்படி மாற்றுவது என்ற இடத்தில்தான் நான் பேச வந்த சின்னஞ்சிறியவர்கள் வருகிறார்கள்.

அருமையானவர்களே, கிருமி என்றாலே பகை என்று நாம் வளர்க்கப்பட்டோம். பகைக் கிருமிகள் உண்டு. காலராக் கிருமி பகைதான். ஆனால் நம் சரீரத்துக்குள் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி இருப்பதாக 2016இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். நம் சொந்த உயிரணுக்களோ 30 லட்சம் கோடி. எண்ணிக்கையில் அவர்கள் நமக்குச் சமமாய் அல்லது சற்று அதிகமாய் இருக்கிறார்கள். எல்லாரையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோகூட வராது. அவர்களில் பெரும்பாலோர் குடியிருக்கும் இடம் நம் பெருங்குடல்.

அங்கே என்ன செய்கிறார்கள்? நாம் சாப்பிடுகிறதில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே செரித்துவிடுகிறது. கீரையின் நார், பருப்பின் தோல், வாழைக்காயிலும் ஆறிய சோற்றிலும் உள்ள ஒரு வகை மாவு ஆகியவை நம்மால் செரிக்கப்படாமல் பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன. நமக்கு உதவாது என்று விட்டதை இவர்கள் எடுத்துப் புளிக்க வைக்கிறார்கள். இட்லி மாவு ராத்திரியில் புளிப்பது போலத்தான். அதிலிருந்து சில சிறிய அமிலங்கள் உண்டாகின்றன. பெருங்குடலின் உள்தோல் தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அவற்றில் ஒன்றிலிருந்து பெறுகிறது. அந்த அமிலங்கள் குடல் சுவருக்குள் போகும்போது உப்பும் கூடப் போகிறது. உப்பு போனால்? ஆம், தண்ணீரும் போகும்.

நம் குடலுக்குள் நாளொன்றுக்கு, நாம் குடிப்பதும் சரீரமே சுரப்பதுமாக, ஏறக்குறைய 9 லிட்டர் நீர் இறங்குகிறது. வெளியே போவது ஒரு டம்ளர் அளவுதான். சிறுகுடல் விட்டதைப் பெருங்குடல் இழுத்துக்கொள்கிறது. தேவைப்பட்டால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் சக்தியும் அதற்கு உண்டு. ஓ.ஆர்.எஸ். சிறுகுடலின் வாசலைத் தட்டியது. பெருங்குடலின் வாசலை யாரும் தட்டவில்லை.

அதைத் தட்டியவர்கள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையார். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு தொடங்கிய இடம் அது. அங்கே குடல் நோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய உடன் ஊழியர்களும், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நண்பர்களுடன் சேர்ந்து இப்படி யோசித்தார்கள்: கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒரு மாவைச் சேர்த்தால் என்ன? அது பெருங்குடலுக்குப் போய் அங்கே உள்ளவர்களுக்கு ஆகாரமாகும். அவர்கள் செய்யும் அமிலம் உப்பையும் நீரையும் உள்ளே இழுக்கும்.

காலரா கண்ட 48 பேரை, 16 பேராக மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரைசல் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு அதே அளவு, செரிக்கக் கடினமான ஒரு வகை மக்காச்சோள மாவு. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆயிற்று. அரிசி மாவுப் பிரிவில் 71 மணி. செரிக்காத மாவு சேர்த்தவர்களுக்கோ 57 மணி நேரம். ஏறக்குறைய ஒன்றரை நாள் குறைந்தது. போன தண்ணீரின் அளவும் குறைந்தது. இது 2000ஆம் ஆண்டில் உலகத்தின் முதல் வரிசை மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. பிறகு 2006இல் வேலூரிலேயே சிறு குழந்தைகளிடமும் சோதித்துப் பார்த்தார்கள். அங்கும் பேதி சீக்கிரம் நின்றது.

இங்கே டாக்டரம்மா ஒரு எச்சரிக்கை சொல்லச் சொன்னார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொட்டலத்தில் இந்த மாவு இல்லை. நீங்களும் வீட்டில் எந்த மாவையும் கரைசலில் கலக்க வேண்டாம். உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்தான். வேலூர் ஆராய்ச்சியில் நாம் கற்க வேண்டியது, பேதி கண்ட குடலுக்குள்ளும் நமக்காக வேலை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும், அவர்களைப் பட்டினி போடக் கூடாது என்பதும்தான். வாயைக் கட்டும்போது குழந்தையும் பட்டினி, அவர்களும் பட்டினி.

மோசேயின் பிரமாணத்தில் அறுப்புக்காரருக்கு ஒரு ஒழுங்கு உண்டு என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நிலத்துக்காரன் தன் வயலை ஓரம்வரை வழித்து அறுத்துக்கொண்டு போகக் கூடாது. ஓரத்தில் நிற்பதும் கீழே சிந்தியதும் ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. நம் தையூர்ப் பக்கத்து வயல்களிலும் அறுப்பு முடிந்தபின் ஏழைப் பெண்கள் கதிர் பொறுக்க வருவார்கள். என் பாட்டியும் பொறுக்கியிருக்கிறார்கள். நம் சரீரத்துக்குள்ளும் சிருஷ்டிகர் அதே ஒழுங்கை வைத்திருக்கிறார் என்று இந்த ஆராய்ச்சிகளை வாசித்தபோது எனக்குத் தோன்றிற்று. சிறுகுடல் எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொள்வதில்லை. அது விட்டதைப் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கதிர் பொறுக்க வந்த அந்நியப் பெண் ரூத் பிற்பாடு அந்த வீட்டையே கட்டி எழுப்பினாள் அல்லவா? இவர்களும் அப்படித்தான்.

இது ஏதோ போதகரின் உவமை என்று எண்ண வேண்டாம். தாய்ப்பாலைப் பாருங்கள். தாய்ப்பாலில் உள்ள ஒரு வகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. பாலில் உள்ள கெட்டிப் பொருள்களில், பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்து மூன்றாம் இடம் இவற்றுக்குத்தான். குழந்தைக்கு உதவாததைத் தாயின் சரீரம் ஏன் இவ்வளவு பாடுபட்டுச் செய்ய வேண்டும்? விஞ்ஞானிகள் நெடுநாள் யோசித்துக் கண்டது: அது குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய நல்ல நுண்ணுயிர்களுக்கான பங்கு. அவர்கள் முதலில் வந்து இடம் பிடித்தால் பகைக் கிருமிக்கு இடம் குறைகிறது. பிள்ளை பிறந்ததும் சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதும், சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி விடுவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அது வயலுக்கு விதைக்கிற நாளில் விதையைத் தெருவில் கொட்டுவது போல.

ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் டாக்டர் பினாகி பாணிக்கிரஹியும் அவருடைய குழுவினரும் தாய்ப்பால் குடிக்கும் 4,500க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளிடம் ஒரு பெரிய சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு ஏழு நாள் ஒரு நல்ல பாக்டீரியாவையும், அதற்கு ஆகாரமாக ஒரு சர்க்கரையையும் கொடுத்தார்கள். கொடுக்காத குழந்தைகளில் 100க்கு 9 பேருக்கு இரத்தத்தில் விஷம் பரவுதலோ மரணமோ நேரிட்டது. கொடுத்தவர்களில் அது 100க்கு 5.4. இது 2017இல் வெளிவந்தது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு விளம்பரத்தில் வரும் பவுடரை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சோதனைக்காகப் பல ஆண்டுகள் தேடிப் பொறுக்கி எடுத்த ஒரே ஒரு வகைக்குத்தான் அந்தப் பலன் கண்டார்கள். நம் கையில் விலையில்லாமல் இருப்பது தாய்ப்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். ஆறு மாதம்வரை அது மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

வேலூரைப் பற்றி இன்னொன்று. பி12 என்ற வைட்டமின் இல்லாவிட்டால் இரத்தம் குறையும், கைகால் மரக்கும். அது இறைச்சியிலும் மீனிலும் முட்டையிலும் பாலிலும்தான் உண்டு, செடிகொடியில் இல்லை. உலகத்தில் அதை முதலில் செய்கிறவர்களே நுண்ணுயிர்கள்தான். பெருங்குடலில் அவர்கள் செய்வது நமக்கு உதவாது. ஏனென்றால் அதை உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே, சிறுகுடலின் கடைசியில் முடிந்துவிடுகிறது. டாக்டர் ஆல்பர்ட், டாக்டர் மத்தன், டாக்டர் பேக்கர் ஆகியோர் நம் தென்னிந்தியர்களின் சிறுகுடலில் இருக்கும் சில பாக்டீரியாக்களும் இந்த வைட்டமினைச் செய்ய வல்லவை என்று 1980இல் காட்டினார்கள். இதை நம்பிப் பால், முட்டை, மீனை விட்டுவிடலாம் என்று பொருளல்ல; பி12 குறைவோடு வருகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நாம் கேட்காமலே நமக்காக உழைக்கிறவர்கள் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். உப்பளத்துக்கு நான் கொண்டுபோன தூக்குச்சட்டியில் என்ன இருந்தது? ராத்திரி நீர் ஊற்றி வைத்த சோறு, சின்ன வெங்காயம், ஒரு துண்டு கருவாடு. சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாவாக மாறுகிறது. வேலூரில் தேடிய வகை மாவு அது. நீரில் ஊறும்போது தயிரைப் புளிக்க வைக்கும் இனத்துப் பாக்டீரியாக்கள் அதில் பெருகுகின்றன. சின்ன வெங்காயத்திலும் நமக்குச் செரிக்காத, அவர்களுக்குப் பிரியமான நார் உண்டு. அதற்கெல்லாம் பெயர் தெரியாமலே என் தாயார் அதைக் கட்டிக் கொடுத்தார்கள். இன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் நோய் டாக்டர்கள் பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறார்கள். பழையது எல்லா வியாதிக்கும் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல தண்ணீரில், மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட வேண்டும். நீர் ஊற்றாமல் வெயிலில் கிடந்த மீதிச் சோறு வேறு. அது வாந்திபேதி வரவைக்கும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும். ஆனால் பழையது ஏழையின் சாப்பாடு என்று வெட்கப்பட்டு, பிள்ளைக்குக் காலையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுக்கிற தாய்க்கு நான் சொல்லுகிறேன்: வெட்கப்பட வேண்டியது பழையதுக்கு அல்ல. கேழ்வரகுக் கூழ், கீரை, பயறு, வாழைத்தண்டு, வாழைக்காய் எல்லாம் உள்ளே இருக்கிறவர்களின் பங்கு. டாக்காவின் குடிசைப் பகுதியில் எடை குறைந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் மாவு சேர்த்துச் செய்த ஆகாரத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, வழக்கமான ஊட்ட ஆகாரத்தைவிட அவர்கள் எடை நன்றாக ஏறியது என்று 2021இல் எழுதினார்கள். குழந்தையின் குடல் நுண்ணுயிர்களை மனதில் வைத்தே செய்த ஆகாரம் அது.

கடைசியாக, என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சளியும் தொண்டை வலியும். ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், வீட்டில் மீந்திருந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்கினேன். அது தீர்ந்ததும் கடையில் சீட்டில்லாமல் வேறு வாங்கினேன். மருத்துவமனையில் வேலை செய்கிற நான் செய்தது இது! சளி தானாகப் போயிற்று. பேதி வந்து மூன்று வாரம் நிற்கவில்லை. பரிசோதித்த டாக்டர் சிரிக்காமல் சொன்னார்: "ஐயா, சளிக்குக் காரணம் வைரஸ். அதற்கு இந்த மாத்திரையால் ஒன்றும் ஆகாது. செத்தது உங்கள் வயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான்."

காலியான இடத்தில் முள் முளைப்பது போல, ஆன்டிபயாடிக்குப் பின் சிலருடைய குடலில் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பொல்லாத கிருமி பெருகிவிடும். முதியவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. திரும்பத் திரும்ப அது வந்த நோயாளிகளுக்கு நெதர்லாந்து டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முகம் சுளிக்காமல் கேளுங்கள். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, மெல்லிய குழாய் வழியே நோயாளியின் குடலுக்குள் செலுத்தினார்கள். 16 பேரில் 15 பேர் சுகமானார்கள். மருந்து மட்டும் கொடுத்த 13 பேரில் 4 பேருக்குத்தான் சுகம். 2013இல் இது வெளிவந்தது. மருந்துகள் கைவிட்ட இடத்தில், நாம் அருவருத்துத் தள்ளுகிறதற்குள் இருந்தவர்கள் காப்பாற்றினார்கள்.

ஆன்டிபயாடிக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். ஆனால் குழந்தையின் சாதாரணப் பேதிக்கு அது வேண்டியதில்லை. கடைக்காரர் தருகிற கலர் மாத்திரை வயலில் களையோடு பயிரையும் அழிக்கிறது.

ஆகவே நான்கு காரியங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஒன்று: பேதி கண்ட முதல் நாழிகையே கரைசல் கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்குமேல் உப்பு கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடுங்கள்.

இரண்டு: வாயைக் கட்டாதீர்கள். தாய்ப்பால் நிற்கக் கூடாது. வளர்ந்த பிள்ளைக்குக் கஞ்சி, குழைந்த சோறு, மோர், வாழைப்பழம் கொடுங்கள்.

மூன்று: துத்தநாக மாத்திரையை டாக்டரிடமோ கிராம நர்ஸிடமோ கேட்டு வாங்கி, பேதி நின்ற பிறகும் மொத்தம் 10 முதல் 14 நாள் கொடுங்கள். ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்காதீர்கள்.

நான்கு: மலத்தில் இரத்தம், கண் குழிதல், சிறுநீர் வராமை, குடிக்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வழியெல்லாம் கரைசல் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

நான் வேதசாஸ்திரக் கல்லூரி முடித்து, மருத்துவமனை ஊழியத்துக்கு வந்த பிறகுதான் இந்தக் கரைசலைப் பற்றி அறிந்தேன். ஊருக்கு வந்தபோது என் தாயாரிடம் அதை விளக்கிச் சொன்னேன். அவர்கள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். கை நின்றது. "அப்போ தண்ணி குடுத்திருந்தா அவன் பொழச்சிருப்பானா?" என்று கேட்டார்கள். "அம்மா, அன்றைக்கு இந்த ஊரில் யாருக்கும் அது தெரியாது" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர்கள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் அவர்கள் மரிக்கும்வரை, தெருவில் எந்தக் குழந்தைக்குப் பேதி என்று கேள்விப்பட்டாலும், ஒரு செம்பில் உப்பும் சர்க்கரையும் கரைத்து எடுத்துக்கொண்டு முதலில் போவார்கள்.

1968இல் டாக்காவில் தெரிந்தது கேளம்பாக்கத்துக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயிற்று. வேலூர் அவ்வளவு தூரமல்ல. இந்தக் கூட்டத்தில் கேட்டதை இன்று மாலையே பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். முக்கியமாய், "தண்ணி குடுத்தா இன்னும்தானே போவும்" என்கிற பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்களும் அந்தக் குழந்தைமேல் உள்ள அன்பினால்தான் சொல்லுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாய்ச் சொல்லுங்கள். அந்தப் பாட்டியம்மா எனக்குச் செவிகொடுத்தார்கள். நர்ஸ் கையிலிருந்த டம்ளரை வாங்கி, தேக்கரண்டி தேக்கரண்டியாக ராத்திரி முழுவதும் அவர்களே ஊட்டினார்கள். நான்காம் நாள் பேத்தி அவர்கள் இடுப்பில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள்.

உங்கள் வீட்டுக் குழந்தைகள் யாவரும் சுகமாயிருக்கும்படி ஜெபிக்கிறேன்.